நீர்ப்பிரிமேடு

மாங்குளத்துக்கு மேற்கே, முதிரைகளுக்கு நடுவில்
ஒரு கோடு போகிறது.
வரைபடத்தில் சிவப்பு.
நிலத்தில் யானை லத்தி, கறையான் புற்று,
வாயில்லாத ஒரு பிளாஸ்ரிக் குடம்.

நான் லெவலில் கண் வைத்தேன்.
திலகேஸ்வரன் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்தான்.
கோட்டின் மேல் ஒன்று தசம் நான்கு இரண்டு.
இரு பக்கமும் இருபது மீற்றர் தள்ளி
ஒன்று தசம் நான்கு ஐந்து.
மூன்று சென்ரிமீற்றர் உயரமான மலை.
இந்தப் பக்கம் விழும் துளி
பாலியாற்றோடு மேற்குக் கடலுக்கு.
அந்தப் பக்கத் துளி
கனகராயன் ஆற்றோடு வடக்கே போய் இரணைமடு பார்க்கும்.
முகில் ஒன்றுதான்.
மழைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
அதற்குத்தான் சம்பளம்.

வானத்தையும் இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள்.
எந்த விண்மீன் மண்டலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று
ஒவ்வொன்றாய் வேகம் பார்த்து,
சரிவு மாறும் இடங்களைத் தொட்டுத் தொட்டுக் கோடு இழுத்து.
உள்ளே ஒரு லட்சம் மண்டலங்கள், ஒரு பெருங்கொத்து.
லனியாக்கேயா.
ஹவாய்ச் சொல்லாம், அளவிட முடியாத வான் என்று பொருளாம்.
எங்களுக்கும் வான் உண்டு.
குளம் நிரம்பி வழிந்தால் வான் பாயுது என்போம்.
குவாட்டர்ஸ் கட்டிலில் படுத்து அந்தப் படத்தை
நீரேந்து பரப்பு என்றே வாசித்தேன்.
நாங்கள் இருப்பது அதன் ஓரத்தில்,
கடைசிக் கிளைவாய்க்காலின் கடைசி வயல்.

கோடுகளுக்கிடையில் வெறுமைகள்.
இரவில் மேலிருந்து எடுத்த வன்னியும் அப்படித்தான்:
ஏ9 ஓரம் ஒரு மணிச்சரம்,
முல்லைத்தீவுப் பாதையில் மெல்லிய இன்னொன்று,
நடுவே கறுப்பு.
கறுப்புக்குள் வீடுகள் இருந்தன.
அதை அளக்கும் கருவி
என் திணைக்களத்தில் இல்லை.

யூலை. சிறுபோகம். கதிர் வெளிவரும் நேரம்.
றஞ்சிதமலர் போன் எடுத்தா.
"விட்டாச்சு விட்டாச்சு எண்டுறியள் மிஸ்.
எங்கட வாய்க்காலுக்க மாடு படுத்திருக்கு."
வந்துகொண்டிருக்கு, என்றேன்.
"எங்க வருது?"

எங்கே.
தேளின் வயிற்றுக்குக் கீழே, தெற்குக் காட்டு விளிம்பில்,
பால்வீதியின் தூசுக்குப் பின்னால்
ஏதோ ஒன்று எங்களை இழுக்கிறது.
செக்கனுக்கு அறுநூறு கிலோமீற்றர்:
கிளிநொச்சியில் ஏறி, கொழும்பில் இறங்கி,
திரும்பி வவுனியா வரை, ஒரு செக்கன்.
தூசை விலக்கி முழுதாய்ப் பார்த்தவர் எவருமில்லை.
இத்தனை வேகத்திலும் போய்ச் சேரமாட்டோமாம்.
இடைவெளி அதைவிட வேகமாய் வளர்கிறதாம்.
வாய்க்கால் ஓடும்போதே
வயல் தள்ளிப் போவதுபோல.

இதை நான் றஞ்சிதமலருக்குச் சொல்லவில்லை.
திலகேஸ்வரனை எழுப்பினேன். அவன் ரோச் எடுத்தான்.
கட்டு வழியே நடந்தோம்.
ஐந்தாவது மதகில் ஆரோ அடுக்கிய மண்மூட்டை, நாலு.
இழுத்துப் போட்டோம். ஒன்று கிழிந்தது.

பிறகு தண்ணீரின் தலையோடு கூட நடந்தோம்.
அது எங்களைவிட மெதுவாய்ப் போனது,
நுரை, சருகு, குழம்பிப்போன ஒரு நண்டு
எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு,
ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று குடித்துவிட்டு.
ஒன்பதாவது மதகில் படுத்துவிட்டது.

பதினொன்றில் றஞ்சிதமலர் நின்றா.
செருப்பைக் கழற்றி வாய்க்காலுக்குள் கால் வைத்தா.
மாடு எழும்பவில்லை.
நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் கதைக்காமல் நின்றோம்,
செக்கனுக்கு அறுநூறு கிலோமீற்றரில்.

குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்:
காலை ஆறு மணிக்குத் துருசு
இன்னும் மூன்று அங்குலம் தூக்கவும்.